பதினொன்று புள்ளி இரண்டு

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு வீட்டு மாடிக்கு ஸ்டெல்லா போனபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனாலும் மழை இருட்டில் படிக்கட்டு விளக்கைப் போட வேண்டியிருந்தது.

ஸ்டெல்லா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். பதினேழு வருஷமாக கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். மாடியில் குடியிருந்த உஷா கும்பகோணத்துப் பெண். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. இரண்டு மாதமாக அங்கே தனியாக இருந்தாள்.

உஷாவின் கேமிங் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைந்துவிடும். இரண்டு முறை கடைக்குக் கொண்டுவந்தாள். கடையில் இரண்டு நாள் ஓடவிட்டும் ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் மறுபடி அணைந்தது.

"அப்ப பெட்டியில கோளாறு இல்ல மா. உங்க வீட்டு கரண்ட்டைத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா வந்திருந்தாள்.

கம்ப்யூட்டர் கடைசி அறையில் இருந்தது. ஒரே ஒரு ஜன்னல், அதையும் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை. அதற்கு அடியில் முடி கருகியது போல இன்னொரு வாசனை.

"ஜன்னலை ஏன் அடைச்சாங்க?"

"ஓனர் ஒண்ணும் சொல்லலக்கா. வெளிச் சத்தம் வராது, கேம் ஆட வசதின்னு விட்டுட்டேன்." உஷா மேஜை மேலிருந்த ஹெட்ஃபோனைக் காட்டினாள். "ஆடும்போது இதுல ஒரு பொம்பளக் குரல் மட்டும் ஹிந்தியில முணுமுணுத்துட்டே இருக்கும். எந்த டீம்னே தெரியல. மியூட் பண்ணாலும் நிக்காது."

அதற்குள் ஆபீஸ் கால் வந்து உஷா ஹாலுக்குப் போனாள்.

ஸ்டெல்லா பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை மஞ்சள் கம்பியிலும் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும் செருகினாள். மஞ்சள் கம்பியில் பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டும். பதினொன்று புள்ளி இரண்டு காட்டியது. கேம் எதுவும் ஓடவில்லை. சும்மா நிற்கும் கம்ப்யூட்டருக்கு இவ்வளவு இறங்கக் கூடாது.

கையோடு கொண்டுவந்த புது பவர் சப்ளையை மாட்டினாள். அதிலும் பதினொன்று புள்ளி இரண்டு. சுவர் ப்ளக்கில் பார்த்தாள். இருநூற்று முப்பது, அசையாமல் நின்றது. முனைகளை மறுபடி பழைய கம்பிகளிலேயே செருகிவைத்தாள்.

வருகிற கரண்ட் சரி. நடுவில் வேறு ஏதோ இழுக்கிறது.

சுவர் ப்ளக்கைக் கழற்றி உள்ளே பார்க்கலாமென்று, கதவருகே இருந்த அறையின் மெயின் ஸ்விட்சைக் கீழே தள்ளினாள். விளக்கும் ஃபேனும் நின்றன.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

காற்று என்று நினைத்தாள். கைப்பிடியைத் திருகி இழுத்தாள். அசையவில்லை. தோளால் இடித்தாள்.

"உஷா! கதவு மாட்டிக்கிச்சு மா!"

பதில் இல்லை. மழைச் சத்தமும் நின்றுபோயிருந்தது.

கும்மிருட்டு. வெளிச்சம் மேஜைக்குக் கீழே மட்டும்தான். மல்டிமீட்டரின் திரை.

அதில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கரண்ட் இல்லாத கம்பியில் பதினொன்று. பதினொன்றரை. பன்னிரண்டு. பிறகு மெல்ல இறங்கிப் பதினொன்று. மறுபடி ஏற்றம். மறுபடி இறக்கம்.

மூச்சு.

ஸ்டெல்லா கம்ப்யூட்டர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தாள். எண்கள் நிற்கவில்லை. வேகமாயின. ஓடிவந்தவள் மூச்சு வாங்குவது போல.

அப்போதுதான் ஹெட்ஃபோனிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

உஷாவுக்குப் புரியாதது ஸ்டெல்லாவுக்குப் புரிந்தது. சின்ன வயதில் தெருவில் பேசிப் பழகிய அதே உள்ளூர் ஹிந்தி.

"லைட் பந்த் நக்கோ கரோ..."

விளக்கை அணைக்காதே.

"நக்கோ கரோ மா... அந்தேரா ஹை..."

அணைக்காதே மா, இருட்டா இருக்கு.

குரல் ஹெட்ஃபோனை விட்டு இறங்கியிருந்தது. அடைத்த ஜன்னல் பக்கமிருந்து வந்தது. பிறகு அவள் முழங்காலுக்கு அருகே. கருகல் வாசனை முகத்தில் அடித்தது. ஈரமான ஏதோ ஒன்று அவள் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. இழுக்கவில்லை. விட்டுவிடக் கூடாதென்று பிடிக்கிற பிடி.

அப்போது ஒன்று விளங்கியது. தன்னை யாரும் அடைத்து வைக்கவில்லை. ஏற்கெனவே இங்கே அடைபட்டுக் கிடந்தவள் இருட்டுக்குப் பயந்து தன்னை விடாமல் பிடித்திருக்கிறாள்.

சுவரைத் தடவி ஸ்விட்சைத் தேடினாள். மேலே தள்ளினாள். டக்கென்று விழுந்தது. மறுபடி தள்ளினாள். விழுந்தது.

"பந்த் நை கரூங்கி" என்றாள். "நான் அணைக்க மாட்டேன். நீ விடு."

முந்தானையில் பிடி தளர்ந்தது.

மறுபடி தள்ளினாள். இந்த முறை ஸ்விட்ச் நின்றது. விளக்கு எரிந்தது. கதவு திறந்து உஷா உள்ளே விழுந்தாள். அவள் விரல் முட்டிகளில் ரத்தம்.

"முக்கால் மணி நேரமா தட்டறேன்! ஏன்க்கா பதிலே சொல்லல?"

ஸ்டெல்லாவுக்கு ஐந்து நிமிஷம்தான் ஆனதுபோல் இருந்தது. கருவிகளைக்கூட எடுக்கவில்லை. உஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"லைட்டை அணைக்கணுமே..."

"நக்கோ. எரியட்டும்."

உஷா மறுநாளே அமீர்பேட் ஹாஸ்டல் ஒன்றுக்கு மாறினாள். ஸ்டெல்லா வீட்டு உரிமையாளர் வைத்தியநாதனிடம் போய், அந்த அறையில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டாள். அவர் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒன்பது நாள் கழித்து, மத்தியானம் அவரே போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"ஏம்மா, அன்னிக்கு உங்களோட வேற யாராவது வந்தாங்களா?"

"இல்ல சார். ஏன்?"

"லைன்மேனை வெச்சு அந்த ரூம் கரண்ட்டை நேத்து கட் பண்ணேன். வெளியில பூட்டும் போட்டேன். இப்ப பூட்டைத் திறந்துட்டேன்மா."

அவர் கதவைத் தோளால் இடிக்கும் சத்தம் போனில் கேட்டது.

"உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு."