மருமகன் பெயரை விட்டுவிடுங்கள்!

இந்தக் கதையில் ஓரிடம் மட்டும் எனக்கு முதலில் நிச்சயமில்லாமல் இருந்தது.

அன்று காலை அருந்ததியின் கைத்தொலைபேசி அலறியது ஆறு பத்துக்கா, ஏழு பத்துக்கா?

சொன்னவர்கள் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். அருந்ததியே முதலில் தடுமாறினாள். கார்த்திகை மழை இருட்டு, முற்றம் வெளிக்கவில்லை என்றாள். பிறகு, இல்லை, வெளித்திருந்தது என்றாள்.

ஒரு மணித்தியாலம் என்ன பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான்... அதற்குள் ஒரு கழுத்து சிக்கியிருந்தது!

தொலைபேசி அலறியது.

"அக்கா... கோகுலன் கதைக்கிறன்."

"சொல்லு தம்பி. ஒன்பது மணிக்குத்தானே கோர்ட்? நான் வெளிக்கிட..."

"கதிரவேலு அண்ணை செத்துப்போனார் அக்கா!"

அருந்ததி கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள்.

"எங்கை? எப்பிடி?"

"கல்லுக்கிடங்குத் தண்ணிக்குள்ளை. விடிய நடக்கப் போறவரெல்லே... வழுக்கியிருக்கும் எண்டு பொலிசிலை கதைக்கினம்."



நேற்று மாலைதான் கதிரவேலு இந்த வீட்டுக்கு வந்திருந்தார். தேத்தண்ணியைக் குடிக்காமல், அது ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

பருத்தித்துறைக்குத் தெற்கே, அரசாங்கக் காணியில் இருக்கிறது அந்தக் கல்லுக்கிடங்கு. சுண்ணாம்புக்கல் தோண்டும் பள்ளம், அடியில் தண்ணீர். பத்து வருடக் குத்தகைக்கு ஐப்பசியில் ஏலம் வந்தது. அருந்ததியின் கல் உடைக்கும் ஆலை அதன் பக்கத்திலேயே. பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். கிடங்கு கைவிட்டுப் போனால் ஆலையின் வாய்க்குள் போடக் கல் இல்லை. ஆலை போச்சு.

ஏலத்தன்று அவளை வாசலிலேயே மறித்தார்கள்.

"சுற்றாடல் அனுமதிக் கடிதம் உங்கடை உறைக்குள்ளை இல்லை. நீங்கள் ஏலம் கேக்கத் தகுதியில்லை!"

இல்லையா? தன் கையால் வைத்து, தன் கையால் ஒட்டிய உறை!

லொறி முதலாளி அருட்செல்வன் ஏலத்தை எடுத்தான். அருந்ததி யாழ்ப்பாணத்தில் வழக்குப் போட்டாள். அவள் உறையைத் திறந்தவர் ஏலத்தை நடத்திய அலுவலகத்தின் எழுதுவினைஞர் கதிரவேலு.

"பிள்ளை..." என்றார் அவர் நேற்று. "கடிதம் உள்ளுக்கை இருந்தது. நான்தான் எடுத்தனான்."

"ஏன் அண்ணை?"

வெகு நேரம் அவர் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கோர்ட்டிலை சொல்லுறன். ஏன் எண்டதையும் சேர்த்துச் சொல்லுறன்."

அவர் படலையைத் தாண்டியதும் அருந்ததி ஒரே ஓர் ஆளுக்குத்தான் தொலைபேசி எடுத்தாள்.

தன் சட்டத்தரணி கோகுலனுக்கு.

வேறு யாருக்குச் சொல்வாள்? பெற்றோரை இழந்த கோகுலனை எட்டு வயதில் அவளுடைய அப்பா வீட்டுக்குக் கூட்டி வந்தார். படிப்பித்தார். அப்பா செத்தபோது கோகுலன்தான் குடம் சுமந்து கொள்ளி வைத்தான். பத்திரிகையில் போட்ட மரண அறிவித்தலில், 'கோகுலனின் அன்பு வளர்ப்புத் தந்தையும்' என்று அருந்ததிதான் எழுதிக் கொடுத்தாள். அந்தத் துண்டு இன்றும் அலமாரியில் இருக்கிறது.

"அக்கா, கேக்கிறியளோ?" கோகுலனின் குரல் அவசரப்பட்டது. "அந்தாள் கடைசியா வந்தது உங்கடை வீட்டை. பொலிசுக்குச் சந்தேகம் வந்தால் உங்களைத்தான் பிடிக்கும். வழக்கை இண்டைக்கே வாபஸ் வாங்குவம். வந்து கையெழுத்தை வையுங்கோ!"

"எனக்கு யோசிக்க வேணும்."

"யோசிக்க நேரமில்லை அக்கா!"

அவள் கையெழுத்து வைக்கவில்லை. நீதிபதி ஒரு கிழமை தவணை கொடுத்தார்.

அன்று பின்னேரமே ஆலைக்கு ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் லெனாட். குருநகர்க் கடற்கரை ஆள். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, கடலிலை மூழ்கினவனைக் கனபேரைத் தூக்கியிருக்கிறன். கல்லுக்கை மூழ்கினவனை இப்பதான் காணுறன்."

"வழுக்கினவராம்..."

"பின்மண்டையிலை இரண்டு அடி. ஒருக்கா வழுக்கினா ஒரு அடி. இரண்டாந்தரம் வழுக்கிறதுக்கு அந்தாள் எழும்பியெல்லோ வந்திருக்க வேணும்?"

லெனாட் குறிப்புப் புத்தகத்தை விரித்தார்.

"ஆரிலை சந்தேகம்?"

"அருட்செல்வன்!"

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். ஆனால் ஆள் முந்தநாளிலை இருந்து வவுனியாவிலை, லொறியோடை. சாட்சி இருக்கு." எழுந்து தொப்பியைப் போட்டார். "வேறை ஆரும் ஞாபகம் வந்தால் சொல்லும்."

வேறு யாரும் ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள். பத்திரிகை வந்தது. அந்த ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். முதற்பக்கத்தை விட்டுவிட்டு மரண அறிவித்தல் பக்கத்தைத் திருப்பினாள்.

கதிரவேலுவின் படம்.

'...கமலாவதியின் அன்புக் கணவரும், பிரசாந்தியின் பாசமிகு தந்தையும், அருட்செல்வனின் அன்பு மாமனாரும்...'

அருந்ததி மறுபடி வாசித்தாள்.

அருட்செல்வனின்... மாமனாரும்!

ஏல நிபந்தனைகளில் ஒன்பதாவது அவளுக்கு மனப்பாடம். 'அலுவலகத்தில் பணிபுரிவோரின் நெருங்கிய உறவினர் ஏலம் கேட்க முடியாது.' தனக்கு அப்படி எவருமில்லை என்று அருட்செல்வன் சத்தியக் கடதாசி கொடுத்திருந்தான்!

செத்தவீட்டில் பறை முழங்கிக்கொண்டிருந்தது. அருந்ததி உள்ளறைக்குப் போய்க் கமலாவதியின் பக்கத்தில் இருந்தாள். அழுகை ஓயும்வரை காத்திருந்தாள்.

"அக்கா... பிரசாந்திக்குக் கலியாணம் முடிஞ்சுதோ? எனக்குத் தெரியாதே."

"எழுத்து மட்டும்தான் பிள்ளை. ஆவணியிலை பதிஞ்சது. தாலி கட்டு தையிலை. ஏலம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விட வேண்டாம் எண்டவை. இவர் அதுக்குப் பிறகு ஒழுங்காச் சாப்பிடேல்லை."

"இப்ப பேப்பரிலை பேர் வந்திட்டுது..."

கமலாவதி கண்ணைத் துடைத்தாள். அழுகைக்குள்ளும் ரோசம் வந்தது.

"வராமல்? மருமகன்ரை பேரை விட்டிட்டு அறிவித்தல் போட்டால் சனம் என்ன கதைக்கும்? நாளைக்கு என்ரை பிள்ளையை எழுதித் தள்ளிவிட்டிட்டான் எண்டு கதைக்காதுகளே? லோயர் தம்பியும் போன் எடுத்தவர்தான், பேரை விட்டுவிடுங்கோ எண்டு. நான் கேக்கேல்லை."

அருந்ததி அவள் பக்கம் திரும்பினாள்.

"எந்த லோயர் தம்பி?"

"எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். சத்தியக் கடதாசியும் அவர்தான் எழுதிக் குடுத்தவர். கோகுலன்."

பறை ஓய்ந்திருந்தது. அல்லது அவளுக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்தாள். வேலியோரம் நின்ற கனிசியஸ் கும்பிட்டான். கிடங்கில் தூண்டில் போடுகிறவன். பிணத்தை முதலில் கண்டவனும் அவன்தான்.

"நீ எத்தினை மணிக்குக் கண்டனி கனிசியஸ்?"

"ஏழு மணி அக்கா. வழமையா ஆறுக்கு அங்கை நிப்பன். அண்டைக்கு நாசமறுப்பான் சைக்கிள் ரியூப் வெடிச்சுப் போச்சு. உருட்டிக்கொண்டு போய்ச் சேர ஏழு. கண்ட உடனை பொலிசுக்குப் போன் அடிச்சனான்."

அருந்ததி தன் கைத்தொலைபேசியை எடுத்தாள். அந்தக் காலைவரை பின்னே தள்ளினாள்.

கோகுலன். காலை 6.10.

நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று மாலை... இல்லை, அது நேற்றில்லை... கதிரவேலுவின் உயிரைத் தன் வாயாலேயே கொண்டுபோய்க் கொடுத்தவள் தான் என்பது மெல்ல மெல்ல விளங்கியது.

பிறகு லெனாட்டுக்கு அடித்தாள்.

அடுத்த நாள் காலை பத்து மணி. ஆலை அலுவலகம். கோகுலன் வாபஸ் பத்திரத்தோடு வந்தான்.

"நல்ல முடிவு அக்கா. இதிலை ஒரு கையெழுத்து."

அவள் பேனாவை எடுக்கவில்லை.

"தம்பி, கனிசியஸின்ரை சைக்கிள் ரியூப் வெடிச்சது தெரியுமோ?"

"என்ன?"

"ஏழு மணிக்குத்தான் ஆளைக் கண்டவன். நீ எனக்கு ஆறு பத்துக்குச் சொன்னாய்."

யந்திரம் வெளியே கல்லை அரைத்துக்கொண்டிருந்தது. கோகுலன் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

"ஏழு பத்தா இருக்கும் அக்கா. உங்களுக்கு நேரம் மாறிப்போச்சு."

"எனக்கு மாறும். போனுக்கு மாறாது."

அவன் பத்திரத்தை மடித்து வைத்தான்.

"அருட்செல்வன் பாதிப் பங்கு தாறன் எண்டான்..." கோகுலன் மேசையைப் பார்த்தபடி சொன்னான். "அந்தாள் கோர்ட்டிலை வாயைத் திறந்தால் என்ரை கறுப்புக் கோட்டுப் போயிடும். விடிய அஞ்சரைக்குக் கிடங்கடியிலை மறிச்சுக் கெஞ்சினன் அக்கா. கேக்கேல்லை. நான் நினைக்கேல்லை... கல்லு கையிலை கிடந்தது..."

"ஏன் எனக்கு அவ்வளவு வேளைக்குப் போன் அடிச்சனி?"

"ஆறுக்கெல்லாம் கனிசியஸ் கண்டிருப்பான் எண்டு நினைச்சன். ஒன்பதுக்கு முதல் உங்களை மடக்க வேணும்..."

அருந்ததி அவனுடைய கைகளைப் பார்த்தாள். அப்பாவுக்குக் கொள்ளி வைத்த கைகள்.

"வழக்கை எனக்காகத்தானே வாதாடினாய்?"

"தோக்கிறதுக்குத்தான் வாதாடினன்." அவன் நிமிர்ந்தான். "அக்கா, நானும் இந்த வீட்டுப் பிள்ளையெல்லே? அப்பாவை நினைச்சு... இந்த ஒருக்கா..."

அவள் குரல் உயரவில்லை.

"அப்பான்ரை அறிவித்தலிலை உன்ரை பேர் இருக்கு. அதை அழிக்க ஏலாது. என்ரையிலை வராது!"

பின்கதவு திறந்தது. லெனாட்!

"வாரும் லோயர். உம்மடை போனும் அண்டைக்கு விடியக் கிடங்குப் பக்கத்துச் சிக்னல் கோபுரத்திலைதான் படுத்திருந்ததாம். யாழ்ப்பாணத்திலை நித்திரை எண்டீர்?"

கோகுலன் வாயைத் திறந்தான்.

"இல்லை, இல்லை. இனிச் சொல்லிறதை உம்மடை லோயரைக் கேட்டுச் சொல்லும். நல்ல ஆளாப் பாரும்... உம்மைப்போலை ஆளைப் பிடிச்சிடாதையும்!"

இனி, மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பது.

கோகுலன் விளக்கமறியல் சிறையில் இருக்கிறான். அருந்ததி ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. அருட்செல்வனின் குத்தகை ரத்தாகியது. பொய்ச் சத்தியத்துக்கு வழக்கு நடக்கிறது. கொலை பற்றித் தனக்குத் தெரியாது என்கிறான். லெனாட் நம்பவில்லை. பிரசாந்தி எழுத்தை ரத்துச் செய்யக் கேட்டு நீதிமன்றம் போயிருக்கிறாள். தையில் தாலி கட்டு நடக்கவில்லை. கமலாவதி அந்தப் பத்திரிகைத் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். மருமகன் பெயரின் மேல் ஒரு கோடு கிழித்திருக்கிறாள்.

மறு ஏலத்தில் அருந்ததி கிடங்கை எடுத்தாள். அனுமதிக் கடிதத்தில் மூன்று பிரதி வைத்தாள். ஆலை ஓடுகிறது. அலமாரியில் அந்தப் பழைய துண்டு அப்படியே இருக்கிறது. அவள் அதை எடுத்துப் பார்ப்பதில்லை.

வெடித்த சைக்கிள் ரியூபை லெனாட் சான்றுப் பொருளாக எடுத்துச் சீல் வைத்துவிட்டார்.

கொலையைக் கண்டுபிடித்துக் கொடுத்த கனிசியஸ்... இன்னும் நடந்துதான் திரிகிறான்!