நனையாத வட்டம்

மழை விட்டதும் ஜகதாம்பாள் கொல்லைக் கதவைத் திறந்தாள். ஈர மண் வாசனை முகத்தில் அடித்தது. வாழையிலைகள் கிழிந்து தொங்கின, அவரைப் பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, மல்லிகை மொட்டெல்லாம் சேற்றில் கிடந்தன. துளசிக்கு அடியில் மட்டும் மண் நனைந்திருக்கவில்லை. ஒருவர் குந்தி உட்காரும் அளவுக்கு, வெளுத்து, பொடிப்பொடியாக ஒரு வட்டம்.

விரலால் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

வங்காளத்தில், காளிகாட் பக்கம் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் புருஷன் வெங்கடராமன் ஆபீஸ் வேலையாக டாக்கா போயிருந்தார். பாதி தூரம் ரயில், மீதி பத்மா நதியில் ஸ்டீமர். சித்திரை மாதத்தில் சாயங்காலமானால் வடமேற்கு மூலை கறுத்துக்கொண்டு வரும். அந்தக் காற்று ஆற்றில் எதையும் கவிழ்த்துவிடும் என்று பால்காரன்கூடச் சொல்லிவிட்டுப் போனான். பேச ஆளில்லாத வீட்டில் அவள் செடிகளோடு பேசினாள். புடலம்பிஞ்சின் நுனியில் கல்லைக் கட்டிக்கொண்டே, "நேரா வளரணும். அவர் வரச்சே கறிக்கு ஆகணும்" என்பாள்.

வருஷப் பிறப்பன்று பக்கத்து வீட்டுக் கிழவி வந்தாள். தெருவே அவளைப் பிஷிமா, அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடும். அவள் ஜகதாம்பாளை 'போமா', மருமகளே, என்பாள். துளசியைச் சுற்றி மூன்று மூங்கில் நட்டு, அடியில் துளையிட்ட மண்குடம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள். துளையில் ஒரு புல். அதன் வழியே தண்ணீர் சொட்டியது.

"இந்த மாசம் பூரா சொட்டணும், போமா. துளசிக்கு மட்டும் இல்லை. தாகத்தோட அலையறவங்களும் குடிச்சிட்டுப் போவாங்க. காயவிடாதே."

ஜகதாம்பாளுக்கு வங்காள பாஷை பாதிதான் புரியும். இது முழுதும் புரிந்தது.

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஒழுகுவது அவளுக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான். மயானத்தில், சிதையைச் சுற்றி வரும்போது. புருஷன் ஆற்றில் போய்க்கொண்டிருக்க, வீட்டில் அந்தச் சொட்டுச் சத்தமா? பிஷிமாவின் தலை மறைந்ததும் குடத்தை இறக்கிக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

அதற்கப்புறம் பெய்த முதல் மழையில்தான் அந்த வட்டம்.

"குடம் எங்கே, போமா?" பிஷிமா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"காத்துல விழுந்துடுத்து."

"உங்க மதராஸ் காத்து குடத்தை அழகாக் கவிழ்த்தும் வைக்குமோ?" கிழவி சிரித்தாள். பிறகு வட்டத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. தலை கீழே இறங்கிவிட்டது. அதற்குப் பின் அந்த மதில் பக்கம் யாரும் வரவில்லை.

அடுத்த மழையில் துளசியடி நனைந்திருந்தது. வட்டம் அவரைப் பந்தலுக்கடியில் இருந்தது. மேலே இலைகள் அப்பளமாய் நொறுங்கின. அதற்கடுத்த மழையில் கொல்லைப் படிக்குக் கீழே. அன்று காலை சமையலறைத் தவலை காலியாக இருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவினாள். ஒரு பொட்டு ஈரமில்லை.

அவள் குடத்தை மறுபடி கட்டினாள். விளிம்புவரை நிரப்பினாள். புல்லின் நுனியில் ஒரு சொட்டு திரண்டது, விழுந்தது. மண்ணில் விழவில்லை. பாதி வழியில் காணாமல் போயிற்று. அடுத்ததும். குந்தி உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்தால் வாய் இருக்கும் உயரத்தில்.

மூலை கறுத்தது. காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். பகலே இருட்டு. கூரையில் ஆலங்கட்டிகள் படபடத்தன. எங்கோ குடம் உடைந்தது.

பிறகு, கதவருகே.

"ஜகது."

அப்படிக் கூப்பிடுகிறவர் ஒருவர்தான்.

"கதவைத் திற. தாகமா இருக்கு."

வாசல் பக்கம் வராமல் ஏன் கொல்லைப் பக்கம் என்று அவள் யோசிக்கவில்லை. இத்தனை நாள் தனிமை தாழ்ப்பாளைத் தள்ளியது. "வந்துட்டேளா?"

வெளியே மழை கொட்டியது. படிக்குக் கீழே அவர் நின்றார். கோட்டு நனையவில்லை. தலைமயிர் நனையவில்லை. உதடுகள் வெடித்திருந்தன. காதோரத்தில் ஆற்றுப் பாசி, காய்ந்து, பொருக்காக. காலடியில் மண் வெள்ளை.

"ஸ்டீமர் எப்போ வந்தது?"

அவர் மெல்லக் குந்தினார். இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார்.

தவலையிலிருந்து சொம்பில் மொண்டு ஊற்றினாள். விரலிடுக்கில் ஒரு துளி வழியவில்லை. தொண்டை அசையவில்லை. மறுபடி மொண்டாள். ஊற்றினாள். மறுபடி.

"போதும்னு சொல்லுங்கோ."

கைகள் குவிந்தபடியே இருந்தன.

அவர் முதுகுக்குப் பின்னால், கொட்டும் மழையில், இன்னொரு வெள்ளை வட்டம் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. துளசியடியில். பந்தலடியில். மதில்வரை. ஸ்டீமரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்.

ஒவ்வொன்றும், ஒருவர் குந்தி உட்காரும் அளவு.