முகபடாம் மறைத்த புண்

பொருநையாற்றின் மேற்கே கதிரவன் சாய, கிழக்கே எழுந்த முழுநிலவு மருதங்கோட்டை மதில்களின் மேல் வெண்பட்டு விரிக்கத் தொடங்கியிருந்தது. கோயிலில் திருவிழா முரசு முழங்கிற்று. ஆனால் வாசகர்களே, அந்த எழிலைக் காணும் நிலையில் அரிஞ்சிகை இல்லை. கோயில் முற்றத்தில், கையில் கரும்புத் துண்டுடன், சிறைப்பட்ட பெண்களின் வரிசையில் அவள் நின்றிருந்தாள்.

மூன்றாண்டுகளுக்கு முன் கொன்றைநாடு வீழ்ந்தபோது பட்டத்து யானை கருமுகிலும் அந்தப் பெண்களும் ஒரே நாளில் கொள்ளைப் பொருளாக இங்கு வந்தனர். யானை சுவாமியைச் சுமந்தது. பெண்கள் நந்தவனத்தில் பூப்பறித்தனர். அவர்களுள் சாத்தி என்ற பெயரில் மறைந்திருந்த அரிஞ்சிகைதான் கொன்றைநாட்டு இளவரசி. கன்றாக இருந்தபோதே தன் கையால் ஊட்டி வளர்த்த கருமுகிலின் மணியோசை கேட்டாலே, அது தன்னை அறிந்துகொள்ளுமென அஞ்சிப் பூம்பந்தருக்குள் ஒளிந்துகொள்வாள்.

இன்று ஒளிய இடமில்லை. இளவரசி இவர்களுள் இருப்பதாக, மருதங்கோட்டைப் படைத்தலைவனான தண்டநாயகன் எயினன் சாத்தனுக்கு உளவு கிடைத்துவிட்டது.

"யானை எவளை அறிகிறதோ அவள் நாளையே என் மனைவி. அது அறியாதவர்கள் ஊர் திரும்பலாம்" என்றான் அவன்.

முன்னே நின்ற கொற்றி திரும்பிக் கிசுகிசுத்தாள்: "ஆனை என் அழகில் மயங்கிவிட்டால் நான் இளவரசியாகிவிடுவேனோ? சொல்லடி, சாத்தி!"

அரிஞ்சிகையால் சிரிக்க முடியவில்லை. அவள் முறை வந்தது. கரும்பை நீட்டினாள். கருமுகிலின் செவிகள் அசைவற்று நின்றன. தரையோடு கிடந்த துதிக்கையின் நுனி மட்டும் புழுதியில் மெல்ல ஊர்ந்து அவள் கால்விரலைத் தேடியது. பாகன் குன்றன் அங்குசத்தை அசைத்தான்; துதிக்கை சட்டென்று சுருண்டது. கட்டளையின்றி நீளக்கூடாதென்று மூன்றாண்டுகள் குத்திக் குத்திக் கற்பித்திருந்தார்கள்.

தப்பிவிட்டாள்! நெஞ்சில் பொங்கிய அந்த நிம்மதியே அடுத்த கணம் அவளைச் சுட்டது. எதனால் கிடைத்த விடுதலை இது?

வரிசை முடிந்தது. எவளையும் யானை காட்டிக்கொடுக்கவில்லை. எயினன் சாத்தனின் முகம் கறுத்தது.

"முகபடாத்தைத் தூக்கிக் காதடியில் குத்து. வலி தாளாவிட்டால் வேண்டியவளிடம் ஓடும்."

"ஐயனே, பழம்புண் இன்னும் ஆறவில்லை. சற்று நேரத்தில் சுவாமி எழுந்தருள வேண்டும்..." என்று குன்றன் குழைந்தான்.

"முகபடாம் மறைத்துவிடும். குத்து!"

முகபடாத்தின் பொன்னிழைத் துணிக்கடியில் சீழும் குருதியும் கசிந்ததை அரிஞ்சிகை அப்போதுதான் கண்டாள். திருவிழா தோறும் மக்கள் கைகூப்பி வியந்த அலங்காரம் இதைத்தான் போர்த்தியிருந்ததா? அங்குசம் இறங்கியது. மீண்டும் இறங்கியது. கருமுகில் பிளிறவில்லை; ஓரடியும் பெயரவில்லை. ஆற்றுத்துறைக்குச் செல்லும் வாயிற்கதவு அவளுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது. வாய்மூடி நின்றால் போதும். நாளை கொன்றைநாட்டு மண்ணில் நடக்கலாம். ஆனால் நடக்கும் வழியெல்லாம் இந்த அங்குசம் இறங்கிக்கொண்டே இருக்குமே!

"நிறுத்து!"

பூப்பறிப்பவளின் குரலல்ல அது. கை ஓங்கிய குன்றன் அப்படியே உறைந்தான்.

அரிஞ்சிகை வரிசையை விட்டு வெளியே வந்து, கருமுகிலின் குருதி வழியும் செவியடியில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டாள்.

"தண்டநாயகரே, நீர் தேடுபவள் நான்தான். கொன்றைநாட்டு அரிஞ்சிகை. இந்தக் கருமுகில் காட்டிக்கொடுக்கவில்லை, நானே வந்தேன் என்பதை நினைவில் வையும். இனி இவன்மேல் ஓர் இரும்பு பட்டாலும், உமது மணமேடையில் என் பிணம்தான் அமரும். கருமுகில் மேல் ஆணை!"