தலைமாட்டுச் சுவர்

"ஏண்டி, எம்புள்ள இடுப்புல என்னத்தடி கட்டி விட்டிருக்க?"

விடிந்ததும் விடியாததுமாக முனியாயி ஆரம்பித்துவிட்டாள். மருமகள் பரிமளா இட்லித் தட்டைக் கணவன் முன்னே வைத்தாள்.

"அது ராத்திரி டூட்டில ஆபீஸ்ல குடுத்ததும்மா," என்றான் நாகராசு. விராலிமலைப் பக்கம் துணைமின் நிலையத்தில் வேலை அவனுக்கு. மின்கம்பிகளின் காந்தப்புலம் ஊழியர் உடம்பில் எவ்வளவு படுகிறது என்று அளக்கும் கறுப்புப் பெட்டி அது; ஒரு வாரம் கழற்றக் கூடாது. காந்தம் கூடக் கூட அதன் சிவப்பு விளக்கு வேகமாகச் சிமிட்டும்.

"காந்தமாவது கத்திரிக்காயாவது!" ஈஸிசேரில் மாமனார் அழகுமலை கனைத்தார். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற போர்மேன். அவர் தலைக்கு மேலே 'நேர்மைச் செம்மல்' கேடயம். ஆளில்லாத அவர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "முப்பத்தஞ்சு வருசம் கரண்டோட குடும்பம் நடத்துனவன்டா நான்!"

நாகராசுவுக்கு மூன்று வருடமாகத் தூக்கமில்லை. ஓயாத தலைவலி. டாக்டர்களால் கண்டுபிடிக்க முடியாததை முனியாயி கண்டுபிடித்துவிட்டாள்: மருமகள் வைத்த செய்வினை! அன்னவாசலிலிருந்து குறிசொல்லும் கோடாங்கி மூக்கனையும் வரவழைத்துவிட்டாள்.

"செய்வினை இருந்துச்சுன்னா, இன்னைக்கே ஒங்கப்பன் வீட்டுக்குப் போயிரணும்!"

மூக்கன் உடுக்கையடித்தபடி நாகராசுவை வீடெங்கும் நடத்தினான். கட்டிலின் தலைமாட்டுச் சுவரருகே வந்ததும் இடுப்புப் பெட்டியின் விளக்கு சிமிட்டுவதை நிறுத்திவிட்டது. அணையாமல் எரிந்தது… ரத்தச் சிவப்பாக! உடுக்கை நின்றது. அந்த அமைதியில் சுவர் மெல்ல முனகியது.

"சப்ஸ்டேஷன்லகூட இப்பிடி எரியலையே…" நாகராசு குனிந்து பெட்டியைப் பார்த்தான்.

"இங்கனதான் பொதைஞ்சிருக்கு! கடப்பாரையக் கொண்டாங்க!" என்று கத்தினான் மூக்கன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் இருவருக்குத்தான் தெரியும். ஒருவர் ஈஸிசேரில் அவசரமாக நாளிதழை விரித்தார். இன்னொருத்தி ஓடிவந்து சுவரை மறித்தாள்.

"இடிக்காதீங்க! நான்தான் வச்சேன்… நான்தான் அத்தே! போயிடுறேன்… சுவர மட்டும் விட்டுருங்க!"

"பாத்தீங்களா, அவ வாயாலயே வந்துருச்சு!" முனியாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

பரிமளா மாமனாரைப் பார்த்தாள். நேர்மைச் செம்மல் இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்தார்.

அவள் பையோடு வாசலிறங்க, நாகராசு கண்ணீரோடு சுவரை நோக்கிக் கடப்பாரையை ஓங்கினான்.

"டேய்ய்! குத்தாதடா! உள்ள கரண்டு ஓடுது… செத்துருவடா!"

நாளிதழ் பறந்தது. அழகுமலை மகன் கையைப் பிடித்துத் தொங்கினார்.

சுவருக்குள் இருந்தது, மீட்டருக்குத் தெரியாமல் தன் ஏசிக்கு அவர் இழுத்த திருட்டு ஒயர். மூன்று கோடைக்கு முன் பூசி மறைக்கும்போது பரிமளா பார்த்துவிட்டாள். 'வெளிய தெரிஞ்சா ஒம்புருசன் வேலை போயிரும்' என்று அவள் வாயை அடைத்திருந்தார்.

தலைவலிக்கு அந்த ஒயர்தான் காரணமா என்று எந்தப் பெட்டியும் சொல்லாது. பரிமளா வாங்கிய ஏச்சுக்குக் காரணம் அதுதான்.

"உள்ள இருக்குன்னு சொன்னேனா இல்லையா?" என்றான் மூக்கன், பெருமையாக.

முனியாயி தெருவுக்கே ஓடி மருமகளைக் கட்டிக்கொண்டாள். "ஏண்டி ஒம்மேல போட்டுக்கிட்ட?"

"அவரு வேலை போயிருமே அத்தே…"

"பாவி நான்… என்னென்ன பேசிப்புட்டேன்!" கிழவி குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

உள்ளே வந்த பரிமளா, மாமனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. "மாமா, இழுத்த ஒயர நீங்களே கழட்டிருங்க. அதுவரைக்கும் அவரு இங்க படுக்க வேணாம்."

சொல்லிவிட்டுக் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினாள். மறுமுனையை முனியாயி தூக்கினாள்.