பன்னிரண்டு மணிக்குள் ஒரு பெயர்

செவ்வாய்க்கிழமை, காலை 8.40.

வாரம் ஒருமுறை வீட்டைத் துடைக்க வரும் பெண், டோர்கில் வீட்டு நிலவறைக் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தாள். எட்டிப் பார்த்தவள் போட்ட அலறல் தெருமுனை பேக்கரி வரை கேட்டது. படிக்கட்டின் அடியில், செங்கல் தரையில், எழுபத்தொரு வயது டோர்கில் கழுத்து மடங்கிக் கிடந்தார்.

9.05-க்கு விபெகே வந்து சேர்ந்தாள். ஹோல்ம்ஸ்ட்ரப் ஊருக்குக் காவல் துறை ஒதுக்கியிருக்கும் ஒரே குற்றப்பிரிவு அதிகாரி. சைக்கிள் திருட்டும் குடிபோதைச் சண்டையுமாகப் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டவள். கொலை என்ற சொல்லை இந்த ஊரில் உச்சரிக்க வேண்டிவரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவுல போயிருக்கு உயிர்," என்றார் மருத்துவர்.

"வயசானவர், கால் தவறியிருக்கும்," என்றான் உதவியாளன் ஸ்டேன்.

விபெகே சமையலறை மேசையைக் காட்டினாள். இரண்டு தட்டுகள். இரண்டிலும் ரொட்டித் துகள். டோர்கிலின் நாற்காலிக்கு முன்னால் பாதி குடித்த காபி. பாத்திரத் தட்டில் கழுவிக் கவிழ்த்த கோப்பை ஒன்று, ஈரம் காயாமல்.

"அவரே கழுவி வெச்சிருக்கலாமே?"

"தன் காபியைப் பாதியில விட்டுட்டு, வந்தவன் கோப்பையை மட்டும் கழுவிட்டு, நிலவறைக்குப் போய் விழுந்தாரா? நல்லா இருக்குடா உன் கதை."

அப்போதுதான் வாசலில் எல்னா வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. செய்தி கேட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"விபெகே, பச்சை ஃபைல் எங்க? அவர் மேசை மேல எப்பவும் இருக்குமே!"

மேசை மேல் எந்த ஃபைலும் இல்லை. வீட்டிலேயே இல்லை.

எல்னா ஊர் நலக் கட்சியின் கிளைத் தலைவி. நவம்பரில் நகராட்சித் தேர்தல். ஒன்பது வேட்பாளர்களின் பட்டியலை இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் நகர மன்றத்தில் கொடுத்தாக வேண்டும். அதன்பின் ஒரு பெயரைக்கூட எடுக்க முடியாது. சென்ற மாதம் தொலைக்காட்சியில் ஒருவன் அவளிடம் நேராகவே கேட்டான்: உங்கள் வேட்பாளர்கள் சாதாரண மனிதர்களா, வெறியர்களா? எல்னாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஒவ்வொருவரையும் சல்லடை போட்டுச் சலிக்கிறோம், ஒரு வெறியன் இருந்தாலும் அரசியலை விட்டே போகிறேன் என்று நாடறியச் சொல்லிவிட்டாள்.

அந்தச் சல்லடைதான் டோர்கில். தேவாலய அலுவலகத்தில் நாற்பது வருடம் பிறப்பு, இறப்புப் பதிவேடு எழுதியவர். ஊரில் யார் எப்போது பிறந்தார்கள் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"நேத்து சாயங்காலம் போன் பண்ணினார்," என்றாள் எல்னா. "எட்டுப் பேர் சரி. ஒருத்தர் விஷயத்துல ஒரு பிறந்த தேதி உதைக்குதுன்னார். யாருன்னு கேட்டேன். முதல்ல அந்த ஆள்கிட்டயே கேட்டுடறேன், அதுதான் நியாயம், காலையில சொல்றேன்னுட்டார்."

"நியாயம்தான் ஆளைக் கொன்னிருக்கு," என்றாள் விபெகே. "வேட்பாளர்களோட பிறந்த தேதி உன்கிட்ட இருக்கா?"

இருந்தது. ஸ்டேன் அரசுப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தான். ஒன்பதும் சரியாக இருந்தன.

"ப்ரேபென்தான்," என்றாள் எல்னா. "வேற யாரு? சனிக்கிழமை சந்தையில எல்லாருக்கும் முன்னாடி கத்தினானே."

"இதே தெருவுல இருக்கற அஸ்கெரும் வேட்பாளர்தானே?" என்றாள் விபெகே.

"பட்டியல்ல முதல் பெயர் அவர்! உனக்கென்ன பைத்தியமா? இந்த ஊர்ப் பிள்ளைங்க பல்லெல்லாம் பார்த்த டாக்டர். செத்துப்போன அம்மாவோட பிறந்த நாள்னு ஒவ்வொரு ஏப்ரல் இருபதும் கொடி ஏத்தி, தெருவுக்கே பன்னும் கேக்கும் போடுற மனுஷன். பதினெட்டு வருஷமா நான் ஒரு தடவைகூடத் தவறினதில்லை."

9.45.

ப்ரேபென் பன்றிப் பண்ணைக்காரன், வேட்பாளர் பட்டியலில் கடைசிப் பெயர். இணையத்தில் அவன் எழுதுவது அவன் தொழுவத்தைவிட மோசமாக நாறும். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றி அவன் எழுதியதைப் படித்துவிட்டுக் கட்சிக்காரர்களே காறித் துப்பியிருக்கிறார்கள். விபெகே போனபோது அவன் முழங்கை வரை ரத்தத்தோடு நின்றான்.

"சனிக்கிழமை டோர்கில்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என் பழசைத் தோண்டினா உன்னையே தோண்டிப் புதைச்சிடுவேன்னேன். ஏன், புகார் குடுத்துட்டாரா கிழவர்?"

"செத்துட்டார்."

ப்ரேபென் வாளியைக் கீழே வைத்தான். "அவர்... ஞாயித்துக்கிழமை என்னை உக்கார வெச்சு, எழுதினதெல்லாம் ஒண்ணொண்ணா அழிக்க வெச்சாரு. மன்னிப்பும் எழுதி வாங்கிட்டுத்தான் சரின்னாரு. என் ஞானஸ்நானத்தை ஏட்டுல எழுதினவர் அவரு."

"காலையில ஏழு மணிக்கு எங்க?"

"இங்கதான். ஆறுலேர்ந்து பன்றிக்குப் பிரசவம். குறுக்க மாட்டிக்கிச்சு. கேளுங்க."

தொழுவத்துக்குள்ளிருந்து கால்நடை மருத்துவர் தலையை நீட்டி, ஆறிலிருந்து தானும் கூடவே இருப்பதாகச் சொன்னார். குரைக்கிற நாய் கடிக்கவில்லை.

10.10.

அஸ்கெரின் வீடு டோர்கில் வீட்டிலிருந்து மூன்றாவது. செய்தி அதற்குள் பரவிவிட்டிருந்தது. தெருவில் ஒரு சாவு என்றால் எல்லோரும் கொடியை அரைக்கம்பத்தில் விடுவது இங்கே சொல்லாமலே நடப்பது. எதிர்வரிசையில் நான்கு தோட்டங்களில் நாட்டின் செந்நிறக் கொடி பாதிக் கம்பத்தில் தொங்கியது. அஸ்கெரின் கொடி மட்டும் உச்சியில் படபடத்தது.

நரைத்த தலை, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, மெல்லிய குரல். பல் பிடுங்கும்போதுகூட அந்தக் குரல் உயர்ந்ததில்லை என்பார்கள்.

"காபி குடிக்கிறீங்களா, விபெகே?"

"வேண்டாம். ஏழு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"இங்கதான். தனியா."

"அப்புறம்?"

"எட்டு மணிக்குக் கொடி ஏத்தினேன். பத்திரிகைக்குப் படம் எடுக்க லிஸ்பெத் பத்து மணிக்கு வர்றதா பேச்சு. வெளிச்சம் நல்லா இருக்குன்னு எட்டேகாலுக்கே வந்து நின்னுட்டா."

"டோர்கில் இறந்தது எப்பத் தெரியும்?"

"அந்தப் பொண்ணு கத்தினப்பதான். ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னாடி. பாவம், நல்ல மனுஷன்."

"கொடி இன்னும் மேல இருக்கே?"

அவர் முகம் லேசாக வெளுத்தது. "அடடா. அதிர்ச்சியில மறந்தே போச்சு." உடனே போய்க் கயிற்றை அவிழ்த்து, கொடியை நிதானமாகப் பாதிக்கு இறக்கி, எட்டு வடிவில் சுற்றிக் கட்டினார். கை அந்த வேலையைத் தானாகச் செய்தது.

காருக்குத் திரும்பியதும் விபெகே அந்தக் கொடியையே பார்த்தாள். உறுத்தியது. மழை தூறினால்கூட ஓடிவந்து கொடியை மடித்து வைக்கும் ஆள். போன வருடம் சூரியன் மறைந்து ஐந்து நிமிடம் கழித்தும் பக்கத்து வீட்டுக் கொடி பறந்ததற்குக் கடிதம் எழுதியவர். அவரா மறந்தார்?

10.40-க்கு லிஸ்பெத் எடுத்த படத்தை வரவழைத்துப் பார்த்தாள். நேரம் 8.17. அஸ்கெர் கொடிக்கம்பத்தில் சாய்ந்து புன்னகைக்கிறார். ஒரு கையில் காபிக் கோப்பை, மறு கை சட்டைப்பையில். முதுகுக்குப் பின்னால் கயிறு இறுக்கிக் கட்டியிருக்கிறது. படத்தின் மேல் விளிம்பில் கம்பத்து உச்சியின் பொன்நிறக் குமிழ், மொட்டையாக, வெறும் வானத்தில்.

10.55-க்குத் தேவாலய அலுவலகத்துக்குப் போன் செய்து ஒரு பிறந்த தேதி கேட்டாள். "அக்டோபர் மூன்று" என்று பதில் வந்தது. விபெகே அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். பிறகு ஸ்டேனைக் கூப்பிட்டாள்.

"அவர் கட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினதும் வீட்டைச் சோதனை போடு. உத்தரவு நான் வாங்கறேன். கொடி மடிச்சு வைக்கிற இழுப்பறையை முதல்ல பாரு."

11.35.

கட்சி அலுவலகத்தில் ஒன்பது வேட்பாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ப்ரேபென் குளிக்காமலே வந்திருந்தான். எல்னாவின் முன்னால் பட்டியல், பேனா. நகர மன்றம் சாலையின் எதிர்ப்பக்கம்தான்.

"ப்ரேபென் பெயரை எடுத்துடறேன்," என்றாள் எல்னா. "நேரம் இல்ல, விபெகே. சொல்லு, எடுத்துடறேன்."

"எடுக்க வேண்டிய பெயர் கடைசியில இல்ல. முதல்ல இருக்கு."

யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் ப்ரேபெனையே பார்த்தார்கள். விபெகே படத்தை மேசையில் வைத்தாள்.

"எட்டுப் பதினேழு. டோர்கில் செத்தது ஊருக்குத் தெரிஞ்சது எட்டு நாற்பதுக்கு. இந்தப் படத்துல கம்பத்து உச்சி காலி. கொடி பாதியில நிக்குது."

"ஏத்திக்கிட்டிருந்தப்ப எடுத்தது," என்றார் அஸ்கெர் மெதுவாக.

"ஒரு கையில காபி, ஒரு கை பையில. கயிறு கட்டி முடிஞ்சாச்சு. பாதி வழியில கட்டிட்டுக் காபி குடிக்கிற ஆளா நீங்க? தெருவுல ஒரு சாவு விழுந்தது எட்டு மணிக்கே தெரிஞ்ச ஒரே ஆள், அதை நடத்தினவன்தான். லிஸ்பெத் முன்கூட்டி வந்து படம் எடுத்துட்டுப் போனதும்தான் உங்களுக்கு உறைச்சிருக்கு. அவசரமா உச்சிக்கு ஏத்திட்டீங்க. அப்புறம் தெருவே இறக்கினப்பவும் கயிறைத் தொடப் பயந்துட்டீங்க."

"ஏன்?" என்றாள் எல்னா. "அஸ்கெர் எதுக்கு..."

"டோர்கிலை உதைச்ச பிறந்த தேதி வேட்பாளரோடது இல்ல, எல்னா. அவங்க அம்மாவோடது. அந்தம்மா பிறந்தது அக்டோபர் மூணு. டோர்கில் அந்த ஏட்டைப் பார்த்திருக்கார். அப்படின்னா ஏப்ரல் இருபதுக்கு யாருக்குக் கொடி ஏத்தினார்? யாருக்குக் கேக் வெட்டினார்? அன்னிக்குப் பிறந்தவன் ஒருத்தன் உண்டு. இந்த நாட்டுக்குள்ள அஞ்சு வருஷம் படையைக் கொண்டுவந்து நிறுத்தினவன்."

"ஹிட்லர்," என்றான் ப்ரேபென். கெட்ட வார்த்தை எதையும் கூசாமல் பேசுகிறவன் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

விபெகேயின் போன் அடித்தது. ஸ்டேன். அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள். அவன் குரல் ஏதோ போல இருந்தது.

"இழுப்பறையில கொடிக்கு அடியில பச்சை ஃபைல் இருக்கு, விபெகே. எரிக்க நேரம் கிடைக்கல போல. அதுக்கும் அடியில இன்னொரு கொடி. நான்... நான் அதைத் தொடல. நீயே வந்து பாரு."

எல்லோரும் அஸ்கெரைப் பார்த்தார்கள். அவர் கத்தவில்லை, ஓடவில்லை. கம்பளிச் சட்டையின் பொத்தானைச் சரிசெய்தார்.

"பேசிப் பார்த்தேன். ஒரு வயசானவன் தன் வீட்டுல என்ன கொண்டாடினா என்னன்னேன். எல்னாகிட்ட சொல்லியே தீரணும்னார். நிலவறையிலேர்ந்து ஜாம் எடுக்க எழுந்தார்." விபெகேயின் பக்கம் திரும்பினார். "கொடியைப் பத்திக் கேட்டீங்களே. அது நடிப்பு இல்ல. என்ன இருந்தாலும் அண்டை வீட்டுக்காரர். மரியாதை செய்யணும் இல்லையா?"

எல்னா எழுந்து குப்பைத் தொட்டியிடம் போய் வாந்தி எடுத்தாள். வாசலில் காத்திருந்த காவலர்கள் இருவர் அஸ்கெரை அழைத்துப் போனார்கள். போகும்போது அவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அதுதான் விபெகேவுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

11.51.

"பாட்டு பாடினோமே," என்றாள் எல்னா. "பதினெட்டு வருஷம். கொடிக்குக் கீழ நின்னு, பிறந்த நாள் பாட்டு. நான்தான் முதல்ல ஆரம்பிப்பேன்."

"உனக்குத் தெரியாது," என்றாள் விபெகே.

"தெரியாது." எல்னா வாயைத் துடைத்துக்கொண்டாள். பட்டியலை எடுத்து முதல் பெயரை அடித்தாள். பேனா காகிதத்தைக் கிழித்தது. மீதி எட்டுப் பெயர்கள். கையெழுத்துப் போடக் குனிந்தவள் நிமிர்ந்தாள்.

"உங்க யாருக்காவது தெரியுமா?"

"சத்தியமா தெரியாது!" ப்ரேபென் ஏறக்குறைய அலறினான். "என்னை அவர் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்ல. நான் அநாகரிகமானவனாம்."

மற்றவர்கள் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். சுவர்க் கடிகாரம் 11.54 காட்டியது. நகர மன்றத்திலிருந்து போன் வந்தது, யாரும் எடுக்கவில்லை.

மெரெத்தா பட்டியலில் மூன்றாவது பெயர். மழலையர் பள்ளி ஆசிரியை. அவளைப் பற்றி ஊரில் யாரும் ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. அவள் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"மெரெத்தா?"

"நாலஞ்சு வருஷம் முன்னாடி, பாத்திரம் கழுவறப்ப அவரே சொன்னார்," என்றாள் அவள், தலை நிமிராமல். "வேடிக்கைக்குச் சொல்றார்னு நினைச்சேன். எங்க ரெண்டு மூணு பேருக்குத் தெரியும். இதைப் போய்ப் பெரிசு பண்ணுவானேன்னுதான்... கேக் நல்லா இருக்கும், எல்னா. எல்லாரும் வருவாங்க. நான் மட்டும் எப்படி வராம இருக்கறது?"

எல்னா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இரண்டு பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினாள். பன்னிரண்டு அடித்ததும் எதிர்ப்பக்கத்தில் நகர மன்ற ஊழியர் ஒருவர் வாசலுக்கு வந்து, சாலையின் இருபுறமும் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.