பம்ப் நுழையாத சக்கரம்

அக்கா பின்சக்கரத்தைக் கட்டி முடித்தாள். முப்பத்திரண்டு கம்பிகள். இரண்டு நாள் வேலை.

மறுநாள் காலை அவள் சைக்கிளில் நீண்ட பயணம் கிளம்புவதாக இருந்தாள். விடுமுறை பன்னிரண்டு நாள். கூடாரம், அடுப்பு, துணி என்று இருபது கிலோ சுமை பின்னால் தொங்கும். அதனால்தான் தடித்த கம்பி, அகலமான ரிம். கியர் எல்லாம் சக்கரத்தின் நடுவில் இருந்த ஹப் என்ற பெரிய உருளைக்குள் இருந்தன.

"அந்த டப்பாவுக்குள்ள என்ன, மிட்டாயா?" என்றார் அப்பா.

"பதினாலு கியர்ப்பா. தொடாதீங்க."

காற்றடிப்பது தங்கை சுண்டுவின் வேலை. அவளுக்குப் பத்து வயது. வீட்டுப் பம்பில் நீளமான குழாய் உண்டு. அதை வளைத்து மாட்டி அடித்தாள். டயர் புடைத்தது.

"அக்கா, இந்தப் பம்பையா எடுத்துட்டுப் போறே?"

"இது என் இடுப்பளவு இருக்கு. பையில சின்னது இருக்கு, பாரு."

சின்னப் பம்பில் குழாய் இல்லை. நேராக வால்வில் செருக வேண்டும். ஆனால் இரண்டு கம்பிகள் வால்வுக்கு மேலே நெருங்கி வந்து வழியை மறித்தன. சுண்டு சாய்த்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். நுழையவில்லை.

அக்கா பாடிக்கொண்டே துணி மடித்தாள். சுண்டு பம்பை இன்னொரு முறை செருகிப் பார்த்தாள்.

"அக்கா, வழியில பஞ்சர் ஆனா காத்தடிக்க முடியாது."

அக்கா வந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"முதல் கம்பியையே தப்பான துளையில போட்டிருக்கேன். எல்லாத்தையும் கழட்டணும்."

"முப்பத்திரண்டுமா?"

"ஒண்ணு விடாம. நீ வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதாடி?"

"இருந்திருக்கலாம். நடுக்காட்டுல நின்னு என்னைத் திட்டியிருப்பே. எனக்குக் கேட்டிருக்காது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுண்டு கம்பிகளைக் கழற்றினாள். துடைத்து வரிசையாக வைத்தாள். அக்கா மறுபடி கோக்கத் தொடங்கினாள். வால்வுக்குப் பக்கத்துக் கம்பிகள் ஏறியதும், "நிறுத்து" என்றாள் சுண்டு. சின்னப் பம்பை வால்வுத் துளைக்கு நேராக வைத்துப் பார்த்தாள். இடிக்கவில்லை.

"சரி. இனி மேலே போ."

"உத்தரவு, மேஸ்திரி."

மறுபடி இரண்டு நாள் போனதில் பன்னிரண்டு நாள் பயணம் பத்து நாளாகச் சுருங்கியது. கிளம்பும் காலையில் சுண்டு சின்னப் பம்பாலேயே காற்றடித்தாள். இருநூற்றுப் பத்து அடி. எண்ணிக்கொண்டே அடித்தாள்.

அக்கா தெருமுனை திரும்பும்வரை சுண்டு இடது கையை ஆட்டினாள். பம்ப் அடித்த வலது கையைத் தூக்க முடியவில்லை.