வட்டம் போட்ட இடம்

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நிசார் அஹமது வீடு திரும்பியபோது, சமையலறைச் சுவரில் ஒரு சாக்பீஸ் வட்டம் இருந்தது. கை நடுங்காமல் ஒரே இழுப்பில் போட்ட வட்டம். அந்த வீட்டில் அப்படிப் போடுகிறவர் அவர் ஒருவர்தான். ஆனால் போட்ட ஞாபகம் இல்லை.

"வெறும் செவுத்துல இன்னாத்துக்கு வட்டம்?" என்றார்.

"வெறும் செவுரா?" மனைவி வஜீதா சிரித்துக்கொண்டே வட்டத்துக்குள் கையை வைத்தாள். டக்கென்று விளக்கு எரிந்தது. "சுவிட்சு தெரியலையா?"

அவர் உற்றுப் பார்த்தார். அங்கே சுண்ணாம்புச் சுவர் மட்டும்தான் இருந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் அவர் செலக்டர். விரித்த தோலைத் தடவிப் பார்த்து, உண்ணிக்கடி, முள் கீறல், ரத்தக்குழாய் ஓடிய தடம் என்று பழுது தெரிகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டம் போட்ட இடத்தை வெட்டி எறிந்துவிடுவார்கள்.

போன வாரம் வேலூரில் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். "சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு பாய். வெள்ளையா தெரியுதே, அங்கெல்லாம் ரத்தம் சரியா போகல. மறதி ஆரம்பிச்சிருக்கு, மெதுவா ஜாஸ்தியாகும்," என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாம்பல் நிறத்தில், மடிப்பு மடிப்பாக, அதுவும் ஒரு தோல் மாதிரிதான் இருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள்; அவருக்குத் தொழில் பழக்கம். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், சாக்பீஸை எடுத்து, ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியையும் சுற்றி வட்டம் போட்டுவிட்டது.

அவரே போட்டார். தன் கையால்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஷாப் பக்கமிருந்து ஈரத்தோலின் நெடி ஜன்னல் வழியாக ஏறி வந்தது. கூடத்தில் ஒரு ஃபோட்டோ சட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம். சட்டம் காலியாக இருந்தது.

"இதுல யாரு இருந்தா?"

வஜீதாவின் சிரிப்பு நின்றது. "முபஷ்ஷிராங்க. நம்ம பொண்ணு. இதோ படத்துல இருக்காளே."

அந்தப் பெயரை முதல் தடவையாகக் கேட்பது போலிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. ஃபிலிமை எடுத்து ஈரத்துண்டால் அழுத்தித் துடைத்தார். வட்டங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. அழியாமல் நின்றது ஒன்றே ஒன்று. நடுவில். எல்லாவற்றிலும் பெரியது.

யா அல்லாஹ், இது யாருக்கு?

கரண்ட் போனது. பள்ளிவாசலிலிருந்து மஃரிப் பாங்கு மழையில் கரைந்து கேட்டது. எமர்ஜென்சி விளக்கோடு வஜீதா அருகில் வந்து உட்கார்ந்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை, அவள் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு.

அவர் விரல் நுனியெல்லாம் சாக்பீஸ் தூள்.

"அசையாதே வஜீதா. தொடச்சிடுறேன்."

"இன்னாங்க பண்றீங்க? வலிக்குது!"

துடைத்தார். கோடு அழியவில்லை. புருவம் அழிந்தது. இன்னும் அழுத்தினார். மூக்கு. உதடு. நிறுத்த வேண்டும். கை நிற்கவில்லை.

கண்கள்.

"நான்தாங்க... வஜீதா..." வாயில்லாத இடத்திலிருந்து குரல் வந்தது.

யாருடைய குரல்?

வட்டத்துக்குள் இருந்ததை அவர் கை பழக்கப்படி தடவிப் பார்த்தது. வழவழப்பு. ஒரு கீறல் இல்லை. ஒரு புள்ளி இல்லை. முதல் தரம்.

ஈரம் மட்டும் எங்கிருந்தோ கசிந்து, சூடாக, அவர் விரல்களை நனைத்துக்கொண்டே இருந்தது.